வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு தமிழ்நாட்டில் வீடு, மனை வாங்க: ஒரு முழுமையான வழிகாட்டி

கிள்ளானில் பிறந்து வளர்ந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மலேசியக் குடிமகன். தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பேரனுக்கு இப்போது ஓய்வு பெறும் வயது. தாத்தா ஊர்ப்பக்கம் ஒரு வீடு, சென்னையில் ஒரு ஃபிளாட் என்று ஆசை. ஊரில் இருக்கும் அத்தை மகன் போனில் சொல்கிறார்: "மாப்ள, ரோட்டு மேலயே நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வருது. நீ பணத்த அனுப்பு, என் பேர்ல முடிச்சு வைக்கிறேன். அப்புறம் மாத்திக்கலாம்."

அத்தை மகன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சில் மூன்று சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக் குடிமகன் இந்தியாவில் தோப்பு வாங்க முடியாது. தன் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கினால் அது பினாமி. இப்படிப் போட்ட பணத்தை நாளை விற்று மலேசியாவுக்கு எடுத்துப்போக நேர்வழி கிடையாது.

பலரும் இடத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கடைசியில் வக்கீலிடம் வருவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். நீங்கள் யார், அது என்ன நிலம், பணம் எந்த வழியில் வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் இடத்தைப் பார்க்கவே போக வேண்டும்.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

இதைத் தீர்மானிப்பவை 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் (எல்லோரும் ஃபெமா என்பார்கள்), அதன் கீழ் 2019 அக்டோபரில் வந்த விதிகளும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிப்பவருக்கும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை) வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமகனுக்கும் சொத்து வாங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் ரிசர்வ் வங்கியிடம் முன் அனுமதி கேட்காமல் வீடு, மனை, கடை, அலுவலகம் வாங்கலாம். எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை.

ஆகவே நம் கிள்ளான்காரரின் முதல் வேலை ஓசிஐ அட்டை வாங்குவது. பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி வரை யாராவது ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது 1950 ஜனவரி 26 அன்று குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவர் என்று காட்ட முடிந்தால் போதும். சொல்ல எளிது, காட்டுவதுதான் பாடு. தோட்டத்துக்குப் போன குடும்பங்களில் பழைய கப்பல் பயண ஆவணம், பிறப்புச் சான்று, ஊரில் தாத்தா பெயரில் இருக்கும் நிலப் பத்திரம் என்று ஏதாவது ஒரு காகிதத்தைத் தேடி எடுக்க மாதக்கணக்கில் ஆகலாம். சொத்து தேடுவதற்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

வெளிநாட்டில் வசிக்கும், ஓசிஐ இல்லாத வெளிநாட்டவர் வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். விதிவிலக்காக, அவருடைய கணவரோ மனைவியோ ஓசிஐ அல்லது வெளிநாடுவாழ் இந்தியராக (என்ஆர்ஐ) இருந்து, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து நீடித்திருந்தால், இருவரும் சேர்ந்து ஒரே ஒரு சொத்து வாங்கலாம். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ இந்தியாவிலேயே வசிப்பவரின் நிலை வேறு. முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இங்கே இருந்திருந்தால் சட்டம் அவரை இந்தியாவில் வசிப்பவராகக் கருதும்; மேலே சொன்ன தடை அவருக்கு இல்லை. சுற்றுலா விசாவில் எத்தனை நாள் தங்கினாலும் இந்தக் கணக்கில் சேராது.

இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூடான், ஹாங்காங், மக்காவ், வட கொரியா ஆகியவற்றின் குடிமக்கள், இந்தியாவில் வசித்தாலும், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்து வாங்கவோ மாற்றவோ முடியாது. ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு மட்டும் தடையில்லை. ஓசிஐ அட்டை இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. மலையகத் தமிழர் பலருக்கு இந்திய வம்சாவளியைக் காட்டி ஓசிஐ பெற வழி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியக் குடிமகனானவருக்கு நிலைமை கடினம்: பட்டியலில் உள்ள நாட்டுக் குடிமகன் என்ற தடை போய்விடும், ஆனால் இந்திய வம்சாவளி இல்லையென்றால் ஓசிஐ கிடைக்காது, வாங்கவும் முடியாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து நீண்டகால விசாவில் தங்கியிருக்கும் சிறுபான்மையினர் குடியிருக்க ஒரு வீடு வாங்கிக்கொள்ள விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகையில் இலங்கையர் இல்லை. அது நியாயமா என்பது வேறு பேச்சு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதைப் பேசிப் பயனில்லை.

உறவினர் பெயரில் வாங்கி வைக்கலாமே என்ற யோசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தின்படி சொத்து பறிமுதல் ஆகலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்தவருக்கு "சொத்து என்னுடையதுதான்" என்று கோர்ட்டுக்குப் போகும் உரிமையும் கிடையாது. அத்தை மகனுக்கு உண்மையிலேயே அன்பளிப்பாகக் கொடுத்து, அவரே முழு உரிமையாளராக இருப்பார் என்றால் கொடுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சு இருந்தால் வேண்டாம்.

இரண்டாம் படி: அது என்ன நிலம்?

ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே போகும் ஈசிஆர், ஓஎம்ஆர் சாலைகளிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் "மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்" என்று விளம்பரம் வரும். வேலி போட்டு, மாங்கன்று நட்டு, நடுவில் சின்ன வீடு கட்டித் தருவார்கள். ஏஜென்ட் "என்ஆர்ஐ நிறைய பேர் வாங்கியிருக்காங்க சார்" என்பார். வாங்கியிருக்கலாம். ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்பதை அவர் சொல்ல மாட்டார். வருவாய்த் துறை கணக்கில் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, மனையா என்று சிட்டாவும் 'அ' பதிவேடும் சொல்லும். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். நிலம் தரிசாகக் கிடக்கிறது என்பதால் அது மனையாகிவிடாது.

தொடவே கூடாத நிலங்களும் உண்டு. புறம்போக்கு, அனாதீனம், கோவில் நிலம், வக்ஃப் நிலம், பூதான நிலம், அப்புறம் பஞ்சமி நிலம். கடைசியாகச் சொன்னது பிரிட்டிஷ் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது; எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும். இந்த வகை எதிலாவது இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க ஒரு நாள் செலவழித்தால் போதும்.

கடற்கரை வீடு கனவு உள்ளவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் நீளும். எந்த வகை மண்டலம் என்பதைப் பொறுத்து அதில் ஒரு பகுதியில் புதிதாகக் கட்டவே முடியாது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் பட்டியலிடப்பட்ட கிராமமாக இருந்தால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் அருகில் ஃபிளாட் வாங்குபவர்கள் எல்லை எது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர் யாரிடமாவது அந்தத் தெருவைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஆவணமும் சொல்லாததை அவர் சொல்வார்.

மூன்றாம் படி: காகிதம் பார்ப்பது

இந்த இடத்தில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இந்தியாவில் பதிவாவது பத்திரம்; உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. சார்பதிவாளர் முத்திரை குத்திவிட்டார் என்பதால் விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று ஆகாது. அதைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பொறுப்பு.

முதலில் வில்லங்கச் சான்றிதழ். ஈசி என்று கேட்டால்தான் எல்லோருக்கும் புரியும். 30 ஆண்டுகளுக்காவது போடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (ஒரு பங்குதாரர் தன் பங்கை விட்டுக்கொடுப்பது), பதிவான கிரய ஒப்பந்தம் எல்லாம் வரும். பதிவாகாத உயிலும், வாய்மொழிப் பேச்சும், நடந்துகொண்டிருக்கும் பல வழக்குகளும் வராது. ஈசி சுத்தமாக இருப்பதால் சொத்து சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து தாய்ப் பத்திரத்திலிருந்து இன்று வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று வக்கீலை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வக்கீல் உங்களுக்கு வேலை செய்பவராக இருக்க வேண்டும். பில்டரோ புரோக்கரோ கொண்டுவருபவராக இருக்கக் கூடாது. பரம்பரைச் சொத்தில் சங்கிலி பெரும்பாலும் மகள்களிடம்தான் அறுந்திருக்கும். தமிழ்நாடு 1989லேயே, அன்று திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொண்டுவந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "அக்காவுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு" என்பது சட்டத்தில் விடுதலைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சங்கிலியில் முன்பு ஏதாவது ஒரு கட்டத்தில் வெளிநாட்டவர் உரிமையாளராக இருந்திருந்தால் இன்னும் கவனம். பெங்களூரில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ரிசர்வ் வங்கி அனுமதியின்றி 1977இல் எழுதிக் கொடுத்த தானம் செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது வருடம் கழித்து!

பட்டா விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். புல வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் சங்கிலி போட்டு அளக்கும் அளவும் ஒத்துப்போக வேண்டும். அளவையரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் நான்கு மூலைக் கற்களையும் பாருங்கள். பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி என்றிருக்கும்; தரையில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் நூறு சதுர அடியைச் சாப்பிட்டிருக்கும்.

நான்காம் படி: கட்டிடத்துக்கு அனுமதி இருக்கிறதா?

நிலம் சுத்தமாக இருந்து கட்டிடம் விதிமீறலாக இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். சென்னைப் பெருநகரத்தில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சி அமைப்பும் அனுமதி கொடுக்கின்றன. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டிட விதிகளும் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும்.

வெறும் மனை வாங்கினால் முதல் கேள்வி லேஅவுட்டுக்கு அங்கீகாரம் உண்டா என்பது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பிறகு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு வழி கொடுத்தது. "வரன்முறை பண்ணிடலாம் சார், ஒரு மாசம்தான்" என்று விற்பவர் சொன்னால், பண்ணி முடித்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டுவதென்றால் எஃப்எஸ்ஐ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும்: மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு அது. 18.30 மீட்டர் உயரத்துக்குள் உள்ள சாதாரணக் கட்டிடத்துக்கு அது 2. அதாவது ஒரு கிரவுண்டில் எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி வரை. அதற்கு மேல் உயர்ந்தால் அடுக்குமாடி உயர் கட்டிடம், எஃப்எஸ்ஐ 3.25, ஆனால் சாலை அகலம், தீயணைப்பு, செட்பேக் (சுற்றிலும் விட வேண்டிய காலியிடம்) எல்லாமே கடுமையாகும். குறுகிய தெருவில் மனை வாங்கிவிட்டு ஆறு மாடி கட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயம்.

சின்ன வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து நல்ல வசதி வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் மாடியுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, சுயசான்று கொடுத்து இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். ஆனால் சுயசான்று என்றால் தவறும் உங்களுடையதே.

ஃபிளாட் வாங்குபவர்கள் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இல்லாத திட்டத்தைத் தொடவே வேண்டாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா தளத்தில் எண்ணைப் போட்டால் அனுமதி வரைபடம், முடிக்கும் தேதி, வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் வரும். பில்டர் கையேட்டில் காட்டும் நீச்சல் குளம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா பாருங்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலாகும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கையளித்த பின் ஐந்து ஆண்டு வரை கட்டுமானக் குறைபாட்டை பில்டரே சரிசெய்ய வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு பதிவு செய்திருந்தவர்கள் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டே கோர்ட்டுக்கும் அலைந்தார்கள். மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளர் சான்றையும் கேட்டால் விற்பனைப் பிரிவு ஆட்கள் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கட்டி முடிந்த பெரிய கட்டிடமென்றால் முடிவுச் சான்றிதழ் கேளுங்கள். அது இல்லாமல் முறையான மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் சிக்கலாகும். பழைய ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கட்டிடத்துக்கு வயதாகும்போது மிஞ்சும் மதிப்பு அந்த யூடிஎஸ்தான். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம்.

ஐந்தாம் படி: பணம், பவர், பதிவு

பணம் வரும் வழி ஒன்றே: வங்கி. வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் நேரடியாக, அல்லது இங்குள்ள உங்கள் என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர், என்ஆர்ஓ கணக்கிலிருந்து (மூன்றும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு வகைகள்). டாலர் நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் கூடாது. வெளிநாட்டிலேயே விற்பவருக்குக் கை மாற்றுவதும் கூடாது. பான் எண் கட்டாயம்.

விற்பவர் "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்பார். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. உள்ளூர்க்காரரைவிட உங்களுக்கு இதில் நஷ்டம் அதிகம்: ரொக்கமாகக் கொடுத்த தொகையை எந்தக் காலத்திலும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுக்க முடியாது, விற்கும்போது அது லாபமாகவும் கணக்கில் ஏறி வரி கேட்கும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ, விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால், 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. மூலதன ஆதாய விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் துறை உங்களைத்தான் கேட்கும்.

பதிவுச் செலவையும் விலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். மனை, பழைய வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரல் வரை கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலத்தையும் கட்டிடத்தையும் சேர்த்து ஒரே பத்திரம்: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. இவை அரசாணைக்கு அரசாணை மாறுபவை. பதிவுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் வர முடியாதவர்களுக்குப் பவர் பத்திரம். பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். இந்தச் சர்வே எண், இந்தச் சொத்து, இந்த வேலை என்று எழுதிய சிறப்பு அதிகாரம் போதும். பெரும்பாலானோர் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறுகிறார்கள். அதில் பிறகு சிக்கல் குறைவு. அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் தமிழ்நாட்டில் கேட்பார்கள்.

இதையே திருப்பிப் போட்டால், பவர் பத்திரத்தைக் காட்டி "இதுதான் விற்பனை" என்று யாராவது உங்களுக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

ஆறாம் படி: வாங்கிய பிறகு

முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா பெரும்பாலும் தானாக மாறும். உட்பிரிவு என்றால் அளவையர் வந்து அளக்க வேண்டும்; பின்தொடர்ந்து கேட்டால்தான் நடக்கும். சொத்துவரி, ஈபி, குடிநீர் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வாடகைக்கு விட்டால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். குடித்தனக்காரர் பலருக்கு இது தெரியாது. முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: விற்று, பணத்தை எடுப்பது

வெளிநாட்டுப் பணத்தில் அல்லது என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர் கணக்கிலிருந்து வாங்கிய குடியிருப்பு வீடுகளில் இரண்டு வரை விற்ற பணத்தை வெளியே எடுக்கலாம். ரூபாயில் வாங்கியது, வாரிசாக வந்தது போன்றவை என்ஆர்ஓ கணக்குக்குப் போகும். அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை, வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்றோடு அனுப்பலாம்.

வரிக் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 80 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து, 1 கோடிக்கு விற்கிறீர்கள். 2024 ஜூலை 23க்குப் பிறகு நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம். பணவீக்கக் கணக்குப்படி வரி கட்டும் பழைய தெரிவு இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் லாபம் 20 லட்சம். வரி இரண்டரை லட்சமும் அதன் மேல் செஸ்ஸும். ஆனால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் முழு 1 கோடியின் மீதும் பிடித்துவிடுவார், பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல். மீதியைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, விற்பனை ஒப்பந்தம் போட்டவுடனேயே குறைந்த விகிதத்தில் பிடிக்கும்படி வருமான வரி அதிகாரியிடம் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்க சில வாரங்கள் ஆகும். கிரயத் தேதியை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

வங்கி அன்று கேட்கும் காகிதம், நீங்கள் வாங்கியபோது பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வரவுச் சான்று. பதினைந்து வருடத்துக்கு முந்தைய சான்றை வங்கியில் போய்த் தேடச் சொன்னால், கிளையே வேறொரு வங்கியோடு இணைந்து பெயர் மாறியிருக்கும். பணம் வந்த வாரமே அதை வாங்கிக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகல் கிள்ளான் வீட்டு பீரோவிலும் இருக்கட்டும்.